தாயைப் போலத் தக்காளி: பாரம்பரிய விதை உண்மையில் என்ன?

சமையலறையில் நசுங்கிப்போன தக்காளியைத் தொட்டி மண்ணில் பிழிந்து விட்டால் செடி வந்துவிடும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தக்காளியைப் போலத் தாராளமாக முளைக்கிற விதைகள் குறைவு. ஆனால், பிழிந்த அதே தக்காளி அந்தச் செடியில் காய்க்குமா? சென்னையில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சிலருக்கு அச்சு அசலாக அதே பழம் வருகிறது. சிலருக்கு நான்கு செடியில் நான்கு விதமான பழம் வருகிறது. ‘மண் சரியில்லை’, ‘கடைக்காரர் கலப்பட விதை கொடுத்துவிட்டார்’, ‘ஹைபிரிட் என்றாலே மலடு’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. இந்த மூன்றில் எதுவும் நான்கு விதமான பழத்துக்கு விளக்கம் ஆகாது.

காரணம் விதைக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. புரிந்துவிட்டால் எந்த விதையை வாங்குவது, எதை எடுத்து வைப்பது, எதை எடுத்து வைத்துப் பயனில்லை என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

ஒன்றோடொன்று குழம்பும் நான்கு விஷயங்கள்

‘நாட்டு விதை’, ‘இயற்கைத் தக்காளி’, ‘ஹைபிரிட்’, ‘மரபணு மாற்றம்’ ஆகிய நான்கும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. முதலில் இவற்றைப் பிரித்து வைப்போம்.

இயற்கை விவசாயம் என்பது செடியை எப்படி வளர்த்தார்கள் என்பதைப் பற்றியது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் ஹைபிரிட் தக்காளியையும் வளர்க்கலாம். யூரியாவைக் கொட்டி நூறாண்டுப் பழமையான ரகத்தையும் வளர்க்கலாம். விதையின் வம்சத்துக்கும் உரத்துக்கும் தொடர்பு இல்லை.

மரபணு மாற்றம் என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு உயிரின் மரபணுவை எடுத்துச் செடிக்குள் செலுத்துவது. இந்தியாவில் வணிக ரீதியாகப் பயிராகும் அப்படிப்பட்ட பயிர் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான். நம் சந்தைத் தக்காளி எதுவும் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஹைபிரிட்டைப் பார்த்து ‘மரபணு மாற்றியது’ என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களின் பூக்களைக் கையால் கலந்து எடுத்த விதை, அவ்வளவுதான். வேளாண் துறையின் சொல்லில் அது வீரிய ஒட்டு ரகம்.

இனி நாட்டுத் தக்காளி. கோயம்பேடு விலைப்பட்டியலில் ‘நாட்டுத் தக்காளி’, ‘நவீன் தக்காளி’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அது வியாபாரிகள் பழத்தைப் பார்த்துப் பிரித்த பிரிவு. தோல் மெல்லியது, சாறும் புளிப்பும் கூடியது, ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் ஏற்றது என்றால் நாட்டு. கெட்டியானது, பல நாள் தாங்குவது என்றால் மற்றது. அந்தப் பழம் எந்த விதையிலிருந்து வந்தது என்பதற்கு இந்தப் பெயர் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ‘நாட்டு’ என்று வாங்கிய பழத்தின் விதை ஹைபிரிட்டாகவும் இருக்கலாம். தக்காளியே கடல் கடந்து வந்ததுதான். அதன் காட்டு உறவினர்கள் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருக்கிறார்கள். மெக்சிகோவில் அது தோட்டப் பயிராகி, ஐரோப்பியர் கப்பல்களில் இங்கே வந்து சேர்ந்தது.

இந்த நான்கையும் தள்ளி வைத்துவிட்டால் நமக்கு வேண்டியது மிஞ்சுகிறது. ஒரு குடும்பமோ ஊரோ தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்துக் காப்பாற்றிய, விதைத்தால் தாயைப் போலவே பிள்ளை வருகிற ரகமே பாரம்பரிய ரகம். ஆங்கிலத்தில் ஏர்லூம் என்கிறார்கள். எத்தனை ஆண்டு பழமை வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஐம்பது ஆண்டு என்பார் சிலர், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்பார் சிலர். வீட்டுத் தோட்டக்காரருக்கு வயது முக்கியமில்லை. ‘தாயைப் போலப் பிள்ளை’ என்ற பகுதிதான் உயிர்.

குடத்தில் இரண்டு ஓலை

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்த ஓலை கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

தக்காளிச் செடிக்குள் ஒவ்வொரு குணத்துக்கும் அப்படி ஒரு குடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு ஒரு குடம், இலை வடிவத்துக்கு ஒரு குடம், நோய் தாங்கும் திறனுக்கு ஒரு குடம். ஒவ்வொரு குடத்திலும் இரண்டே இரண்டு ஓலைகள். ஒன்று தாய்வழி வந்தது, ஒன்று தந்தைவழி வந்தது. இந்த ஓலைதான் மரபணு. செடி விதை உண்டாக்கும்போது குடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஓலை சூலுக்கும், அதேபோல ஓர் ஓலை மகரந்தத்துக்கும் எடுக்கப்படுகிறது. அந்த இரண்டும் சேர்ந்தால் புது விதையின் குடம் தயார்.

குடத்தில் இருக்கும் இரண்டு ஓலையிலும் ‘சிவப்பு’ என்றே எழுதியிருந்தால்? எத்தனை முறை எடுத்தாலும் சிவப்புதான் வரும். பிள்ளையும் சிவப்பு, பேரனும் சிவப்பு. ஒரு செடியின் எல்லாக் குடங்களிலும் இப்படி ஒரே மாதிரி ஓலைகள் இருந்தால் அதைத் தூய வரிசை என்கிறோம். பாரம்பரிய ரகத்தின் ரகசியம் முழுவதும் இதுதான்.

ஓர் ஓலையில் ‘சிவப்பு’, மற்றதில் ‘மஞ்சள்’ என்று இருந்தால் கதை மாறிவிடும். தக்காளியில் சிவப்பு ஓலை மஞ்சளை அடக்கிவிடும் என்பதால் அந்தச் செடி சிவப்பாகவே காய்க்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதன் விதையைப் போடும்போதுதான் குட்டு வெளிப்படும். சராசரியாக நான்கு பிள்ளைகளில் மூன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். பட்டாணிச் செடிகளில் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து 1866இல் வெளியிட்டவர் கிரிகோர் மெண்டல்.

இப்போது ஹைபிரிட்டுக்கு வருவோம். விதை நிறுவனம் இரண்டு தூய வரிசைகளை எடுக்கிறது. ஒன்று நிறையக் காய்க்கும், மற்றது நோய் தாங்கும். இரண்டையும் கலந்தால் கிடைக்கும் முதல் தலைமுறை விதையே கடையில் ‘எஃப் 1’ என்ற முத்திரையோடு விற்கப்படுகிறது. பெற்றோர் வேறுபட்ட ஒவ்வொரு குணத்திலும் அதன் குடத்தில் இரண்டு வேறு ஓலைகள். ஆனால் எல்லா விதையிலும் அதே இரண்டு வேறு ஓலைகள் என்பதால் வயல் முழுக்க ஒரே சீராக வளரும். விவசாயிக்கு அது பெரிய வசதி. அதன் பழத்திலிருந்து நாம் விதை எடுக்கும்போதுதான் நூற்றுக்கணக்கான குடங்களிலும் ஒரே நேரத்தில் குலுக்கல் நடக்கிறது. ஒரு செடி உயரம், ஒன்று குட்டை. ஒன்றில் பழம் உருண்டை, ஒன்றில் நீளம். முதல் பத்தியில் சொன்ன நான்கு செடியின் நான்கு விதப் பழம் இப்படி வந்ததுதான். அந்த விதை மலடும் அல்ல, கலப்படமும் அல்ல.

இன்னொரு கணக்கு சுவாரசியமானது. கலவை ஓலை உள்ள குடங்கள் நூறு இருந்தால், செடி தன் மகரந்தத்தாலேயே விதை உண்டாக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் அவற்றில் ஏறக்குறைய பாதி சரிசெய்யப்பட்டுவிடும். அடுத்த தலைமுறையில் ஐம்பது, பிறகு இருபத்தைந்து, பன்னிரண்டு, ஆறு, மூன்று. ஆறேழு தலைமுறையில் குடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே தூயதாகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்து முறத்தில் காயவைத்த கிராமத்துப் பெண்கள், பெயர் தெரியாமலே செய்தது இந்த வேலையைத்தான். அவர்களை விதை விஞ்ஞானிகள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். இரண்டு ஓலையும் ஒன்றாக இருந்தால் தாயைப் போலப் பிள்ளை; அது பாரம்பரிய ரகம். ஓலைகள் வேறுபட்டால் முதல் தலைமுறை சீராக இருக்கும், அடுத்தது சிதறும், அது ஹைபிரிட். தன் பூவாலேயே விதை உண்டாக்கிக்கொண்டே போனால் சிதறியதும் தலைமுறைகளில் தூயதாகும்.

பூவைப் பிரித்துப் பார்த்தால்

செடி தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதைத் தன்மகரந்தச் சேர்க்கை என்கிறோம். தக்காளி இதற்கென்றே அமைந்த பூ.

ஒரு பூவைக் காம்போடு கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் இதழ்கள் பின்னால் மடிந்திருக்கும். நடுவில் அடர்மஞ்சளில் ஒரு சிறு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அமைத்த குழாய் அது. நகத்தால் அதை நீளவாக்கில் கீறினால் உள்ளே வெளிர்பச்சையில் ஊசி போன்ற சூல்தண்டு தெரியும். அதன் நுனி குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும். மகரந்தம் குழாயின் உட்புறமாகத்தான் கொட்டும். பூ தலைகீழாகத் தொங்குவதால், உதிரும் தூள் நேராக அந்த நுனியில் விழுகிறது. வெளி மகரந்தம் நுழைய வழி மிகக் குறைவு. அதனால்தான் பக்கத்துத் தொட்டியில் வேறு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் கலப்பு நேர்வதில்லை. பூசணியிலும் வெள்ளரியிலும் இந்த நிம்மதி கிடையாது.

ஆனால் தூள் உதிர ஓர் அதிர்வு வேண்டும். காற்று அதைச் செய்யும். நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டு போன்ற தச்சுத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடலை அதிரவைத்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்று வராத பால்கனியில் பூக்கள் நிறைந்தும் காய் பிடிக்கவில்லை என்றால், காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். அது போதும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பெரிய பழம் தரும் சில பழைய ரகங்களில் சூல்தண்டின் நுனி கூம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அங்கே கலப்பு நடக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட செடியில் விதை எடுக்க நினைத்தால், மொட்டு விரியும் முன்பே கொத்துக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டிவிடுங்கள். கல்யாண வீட்டில் பாக்குப் போட்டுக் கொடுக்கும் பை மிகப் பொருத்தம். காய் பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் வண்ண நூல் கட்டி வையுங்கள்.

பழையதெல்லாம் தூயதா, புதியதெல்லாம் கலப்பா?

இரண்டுமே இல்லை. ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’ என்று உலகப் புகழ்பெற்ற ஒரு பாரம்பரிய ரகம் இருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வண்டி ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த எம். சி. பைல்ஸ் என்பவர் பல ரகங்களைக் கலந்து, ஆண்டுகணக்கில் பொறுக்கியெடுத்து நிலைப்படுத்தியது. அதன் நாற்றை ஒரு டாலருக்கு விற்றே வீட்டுக் கடனை அடைத்தார் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதை. கலப்பில் பிறந்து, தலைமுறைகளில் தூயதாகி, இன்று பாரம்பரியமாக நிற்கிறது. பச்சை வரி ஓடும் ‘கிரீன் ஸீப்ரா’வையும் பாரம்பரிய விதை என்றே விற்கிறார்கள். அது 1983இல் வெளிவந்தது. வயது குறைவுதான், ஆனால் தூய வரிசை.

நம் ஊர் உதாரணம் இதைவிட நல்லது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1, தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து, வெளி மரபணு எதையும் செலுத்தாமல், அதன் சொந்த ஓலைகளிலேயே மாற்றம் தூண்டி உருவாக்கப்பட்டது. ஹைபிரிட் அல்ல. பாட்டி காலத்து விதை என்றும் சொல்ல முடியாது. ஆனால் விதை எடுத்து விதைத்தால் தாயைப் போலவே வரும். முதன்முறை விதை சேமிக்க விரும்பும் சென்னைக்காரருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். குட்டைச் செடி, நம் வெயிலுக்குப் பழகியது, ரசத்துக்கு வேண்டிய புளிப்பும் உண்டு. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஊதாவும் கறுப்புமாகப் பத்து வகை வெளிநாட்டு விதையை ஒரே நேரத்தில் வாங்குவதைவிட, இதில் கை பழகிய பிறகு ‘செரோகி பர்ப்பிள்’ போல ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

சுவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய ரகங்களில் பலவற்றுக்குப் பழுக்கும் முன் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள் இருக்கும். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் அறுவடை நேரம் பார்க்கச் சுலபம் என்பதால், அந்தத் தோள் இல்லாத வகையையே பல பத்தாண்டுகளாக வளர்ப்பாளர்கள் பொறுக்கினார்கள். அந்தப் பொறுக்கலில் ஒரு மரபணு செயலிழந்துவிட்டதையும், அதனால் பழத்தில் சர்க்கரை குறைந்ததையும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பழைய தக்காளியின் ருசி வெறும் ஏக்கமல்ல. அதற்கு விலையும் உண்டு. ஹைபிரிட்டில் திட்டமிட்டுச் சேர்க்கும் நோய் எதிர்ப்பு பாரம்பரிய ரகங்களில் பெரும்பாலும் இருக்காது. தோல் மெல்லியது, வெடிக்கும். விளைச்சலும் குறைவு.

சென்னைக்கு எந்த மாதம்?

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி கத்தரிக்கும் வெண்டைக்கும் அவரைக்கும் பொருந்தும். பெரிய பழத் தக்காளிக்குச் சென்னையில் நான் ஆடியைச் சொல்ல மாட்டேன். காரணம் இரவு வெப்பம்.

பகலில் 32 டிகிரிக்கு மேலும், இரவில் 21 முதல் 24 டிகிரிக்கு மேலும் போகும்போது தக்காளி மகரந்தம் வலுவிழக்கத் தொடங்குகிறது. பூ மலரும், மூட்டில் மஞ்சளாகி உதிரும். இதற்கு உரம் போட்டுப் பயனில்லை. சென்னையில் செப்டம்பர் இரவும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஜனவரியில்தான் இரவு 21 வாக்கில் இறங்கி, பகலும் 30ஐ ஒட்டி நிற்கும். அதனால் செடி மார்கழியிலும் தையிலும் பூக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஐப்பசித் தொடக்கத்தில் விதை, கார்த்திகையில் நாற்று நடவு, மார்கழி தையில் பூ, தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை பழம்.

இடையில் வடகிழக்குப் பருவமழை நிற்கிறது. நாற்றங்கால் முழுவதும் அடைமழைக் காலத்தில்தான் ஓடும். ஆகவே நாற்றுத்தட்டு ஜன்னல் ஓரத்திலோ கூரை இருக்கும் பால்கனியிலோ இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் நட்ட பைகளைச் சுவரோரம் நகர்த்தி வையுங்கள்.

விதையிலிருந்து செடி வரை

விதை முளைக்க 21 முதல் 29 டிகிரி வரை சுகமான வெப்பம். ஐப்பசியில் அது வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். குழித்தட்டிலோ அடியில் ஓட்டை போட்ட காகிதக் குவளையிலோ, கழுவிப் பிழிந்த தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடுங்கள். ஆழம் கூடினால் முளை வெளியே வரத் திணறும். ஒரு வாரத்தில் வளைந்த கழுத்தோடு முளை எட்டிப் பார்க்கும். அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இருட்டில் ஒருநாள் கூடுதலாக இருந்தாலும் தண்டு வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

மழைக்கால ஈரத்தில் பெரிய எதிரி நாற்றழுகல். முந்தைய நாள் நன்றாக இருந்த நாற்று, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து நூலாகச் சுருங்கி விழுந்துகிடக்கும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சும்படி. கலவையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிட்டால் இந்த நோய் பெருமளவு அடங்கும். உரக்கடைகளில் கிடைக்கும் நன்மை செய்யும் பூஞ்சை அது.

25 முதல் 30 நாளில் நடவு. நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் இப்படி நடுவதில்லை. குட்டை ரகத்துக்குப் பதினைந்து லிட்டர் பை போதும். பாரம்பரிய ரகங்களில் பல, நுனி வளர்ந்துகொண்டே போகும் கொடி ரகங்கள். அவற்றுக்கு இருபத்தைந்து லிட்டராவது வேண்டும். ஆளுயரக் கம்பும் வேண்டும். கம்பை நடும்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும். ஒரு பைக்கு ஒரே செடி. மொட்டைமாடித் தரை கொதிப்பதால் பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பது நல்லது.

மூன்று தொல்லைகள்

காயின் அடிப்புறம் கறுத்து உள்வாங்கிப் போவதைப் பார்த்ததும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இருக்கிறது. அதைச் சுமந்து செல்லும் தண்ணீர்தான் சீராக இல்லை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். முட்டை ஓடு மட்கப் பல மாதம் பிடிக்கும், அதற்குள் அறுவடையே முடிந்துவிடும். தினமும் அளவாகத் தண்ணீர், மண்மேல் காய்ந்த இலை மூடாக்கு, இவைதான் மருந்து. பழம் வெடிப்பதற்கும் இதுவே.

இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிச் சுருண்டு செடி குறுகினால் அது இலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியும், இலையின் அடிப்புறம் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசலும் வெள்ளை ஈயைக் கட்டுக்குள் வைக்கும்.

மூன்றாவது வாடல். பச்சையாக இருந்த செடி தண்ணீர் இருந்தும் திடீரெனத் தொங்கிப்போகும். தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போல வெண்ணிழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பையின் மண்ணில் அடுத்துத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம்.

சுருக்கமாக: குளிர்ந்த இரவில் பூக்கும்படி காலம், ஆழமான நடவு, சீரான தண்ணீர், வெள்ளை ஈயின் மேல் ஒரு கண். எதிர்ப்புத்திறன் குறைந்த ரகத்துக்கு இந்த நான்கும் தவறக்கூடாது.

விதையை எடுத்து வைத்தல்

எந்தப் பழத்தில் விதை எடுப்பது? இருப்பதிலேயே பெரிய பழத்தில் என்பார்கள். குடவோலையை நினைத்துப் பாருங்கள். தூய வரிசையில் ஒரே செடியின் எல்லாப் பழத்திலும் ஒரே ஓலைகள்தான். பெரிய பழமும் சிறிய பழமும் அந்த வகையில் ஒன்றே. தேர்ந்தெடுக்க வேண்டியது செடியை. நோய் தாங்கி நின்றது எது, நம் மாடி வெயிலில் நிறையக் காய் பிடித்தது எது, ருசியானது எது என்று பருவம் முழுக்கக் கவனித்து, அந்தச் செடியில் நூல் கட்டுங்கள். ஒன்றுக்கு மூன்று நான்கு செடியிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. வைரஸ் தாக்கிய செடியிலிருந்து எடுக்க வேண்டாம்.

பூ கலந்திருந்தால் இந்தப் பழத்திலேயே தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது. பழத்தின் சதை தாய்ச் செடியின் உடம்பு. கலப்பு உள்ளே இருக்கும் விதையில்தான் இருக்கும். அது செடியாகிக் காய்க்கும்போதுதான் தலைகாட்டும்.

செடியிலேயே நன்றாகக் கனிந்து தளர்ந்த பழத்தைக் குறுக்காக வெட்டி, விதையைச் சாறோடு கண்ணாடிக் குவளையில் பிழியுங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பான உறை இருக்கும். பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. அந்த உறை போகத்தான் புளிக்கவைக்கிறோம். தண்ணீர் விடாமல், மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். சென்னை வெப்பத்துக்கு ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள் போதும். மேலே வெள்ளை ஆடை படிந்து, புளித்த வாடை தூக்கலாக அடிக்கும். அடியில் விதைகள் உறை கழன்று தங்கியிருக்கும். அதற்கு மேல் விட்டால் குவளையிலேயே முளைகட்டிவிடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதக்கும் சக்கையையும் பொக்கு விதையையும் வடித்துவிட்டு, கனத்த விதையை வடிகட்டியில் கழுவுங்கள்.

காயவைக்கக் காகிதம் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். பீங்கான் தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில், நிழலில் ஒரு வாரம். வெயிலில் வைக்காதீர்கள், சென்னை மொட்டைமாடி வெயில் விதையின் உயிரை எடுத்துவிடும். காய்ந்த விதை மெல்லிய சாம்பல் ரோமத்தோடு பட்டுப்போல இருக்கும், வளைத்தால் மடியாமல் ஒடியும். காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் எடுத்த மாதமும் ஆண்டும் எழுதி, ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி இறுக்கமான பாட்டிலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்தால் அவ்வளவு தாங்காது.

விதையை எடுத்து வைப்பதும் பகிர்வதும் சட்டப்படி சரியா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கிறது. பயிர் ரகங்களையும் உழவர் உரிமைகளையும் காக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்பதுதான் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. உங்கள் செடி வாடலில் போய்விட்டாலும் ரகம் அவர் வீட்டில் பிழைத்திருக்கும்.

ஒவ்வொரு புரட்டாசியிலும், விதைப்பதற்கு முன், பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் கவலையில்லை. ஐந்துக்குக் கீழே போனால் மிச்சத்தைப் பத்திரப்படுத்தி வைக்காமல் அந்த ஆண்டே முழுவதையும் விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள்.